மேட்டில் மட்டும் கொதித்த கார்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். அறிவியல் பாடம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவிக்கு ஆலங்காயம். மலையை விட்டு மேற்கே இறங்கினால் அவளுடைய அப்பா வீடு. தூரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அவளுக்கு அந்த பஸ் பயணம் ஆகாது. டீசல் வாடை மூக்கில் ஏறியதுமே தலை சுற்ற ஆரம்பிக்கும். வளைவுகள் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் தலையை நீட்டிவிடுவாள். அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பாயை விரித்துப் படுத்துவிடுவாள். மகள் வந்தால் பேசவேண்டும் என்று வாரமெல்லாம் காத்திருந்தவர்கள், அவள் எழுந்திருக்கட்டும் என்று மறுபடி காத்திருப்பார்கள். எழுந்து ஒரு வாய் சாப்பிடுவதற்குள் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் மாமனார் தன் காரை எங்களுக்குக் கொடுத்தார்.

அவர் ஆலங்காயத்தில் சின்னதாக ஒரு ரைஸ் மில் வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டியதை இரண்டு நாள் மனசுக்குள் வைத்திருந்துவிட்டு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிற மனுஷர். கார் அவரிடம் வெகு காலமாக இருந்தது. மூக்கு உருண்டு, முன்னால் பளபளவென்று வெள்ளிக் கம்பிகள் வரிசையாக வைத்த கருப்பு வண்டி. மில்லுக்கும் வீட்டுக்கும் வாணியம்பாடிக்கும் ஓடியது. எப்போதாவது வேலூர். எல்லாம் சமதரை. கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆனபிறகு ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஆவணியில் ஒருநாள் நாங்கள் கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து, "எனக்கு இனிமே இன்னாத்துக்கு மாப்ளே இது. பொண்ணு வாந்தி எடுக்காம வந்துட்டுப் போனா போதும்" என்றார்.

நான் கேட்டு வாங்கிய சீர் இல்லை அது. மனசாரக் கொடுத்தது. அதனால்தான் பிறகு நடந்தவை எனக்கு அவ்வளவு சங்கடமாகப் போயின.

முதல் சில மாதங்கள் வண்டி நன்றாகவே ஓடியது. மனைவி முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்து, வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தாள். மலையில் இத்தனை கடுக்காய் மரம் இருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்ததாம். மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டு, வெயில் தாழ்ந்தபின் கிளம்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்புவோம்.

கார்த்திகை பாதியில் பனி இறங்கத் தொடங்கியபோது வண்டி கொதிக்க ஆரம்பித்தது.

முதல் தடவை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தோம். காவலூருக்குக் கீழே வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடம். வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் நிற்பதுபோல ஒரு வாசனை வந்தது. பார்த்தால் சூடு காட்டும் முள் கடைசிக் கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு பானெட்டைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் பீறிட்டு மேலே கொட்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆற விட்டு, ஈரச்சாக்கைப் போட்டு மெல்லத் திருகி, பக்கத்து ஓடையில் மொண்டு வந்த தண்ணீரை ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏறியதும் மறுபடி அதே கதை. வீடு சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், குளிர் நாள். நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். மனைவி சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். வண்டி மட்டும் வெந்துகொண்டிருந்தது. வெயில் காலத்தில் கொதித்திருந்தால்கூட ஒரு நியாயம் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வாரமே வாணியம்பாடி மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். இப்போது கடைகளில் பச்சை நிறத்தில் விற்கிற கூலண்ட் எல்லாம் அப்போது நாங்கள் கண்டதில்லை. ஊற்றுவது வெறும் கிணற்றுத் தண்ணீர். அவர் ரேடியேட்டரைத் திறந்துவிட்டபோது செம்மண் கரைத்ததுபோல ஒழுகியது. துருதான் வழியை அடைக்கிறது என்று சோடாக்காரம் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டார். வெடிப்பு கண்டிருந்த ரப்பர் ஹோஸை மாற்றினார். ஃபேன் பெல்ட்டை இழுத்து இறுக்கினார். ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினார். முள் நடுவிலேயே நின்றது. நிம்மதியாக வந்தேன். காவலூர் ஏற்றத்தில் கொதித்தது.

திரும்பப் போனேன். இந்த முறை மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினார். தண்ணீர் சூடாகும்வரை வழியை மூடி வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் என்ற சின்ன சாமானைக் கழற்றிப் பார்த்தார். அது பழசாகி ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை என்று எடுத்துவிட்டார். சமதரையில் ஓட்டிப் பார்த்தோம். முள் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலையேறினோம். கொதித்தது.

மூன்றாவது முறை போனபோது அவருக்கும் அலுத்துவிட்டது. நல்ல மனுஷர். மறைக்காமல் சொன்னார். இதற்கு மேல் பார்ப்பதென்றால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும், அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டே வளைந்தும் இருக்கலாம், இவ்வளவு பழைய வண்டிக்கு அதைச் செய்வதா விற்றுவிடுவதா என்று வீட்டில் கலந்து பேசிவிட்டு வாங்க என்றார்.

வீட்டில் என்றால் யாரோடு பேசுவது? மாமனாரிடம் போய், நீங்கள் கொடுத்த வண்டி மலைக்குத் தாங்கவில்லை, விற்கட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவிக்கும் அப்படித்தான். "நைனாகிட்ட சொல்லாதீங்க. ஏமாத்திட்டோமேன்னு அவரு மனசு ஒடிஞ்சிடுவாரு" என்றாள். அவர் கேட்கும்போதெல்லாம், வண்டி நல்லா ஓடுது மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேஸ்கெட் என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அது போனால் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் விட்ட டீ மாதிரி ஆகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். தினமும் காலையில் பல் விளக்கியதும் நேரே காரிடம் போய் எண்ணெய்க் கோலை உருவிப் பார்ப்பேன். கருப்பாகத்தான் இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, நீர்க்குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். வராது. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. கேஸ்கெட் போனதற்கு ஒரு அடையாளமும் இல்லாமல் வண்டி கொதித்துக்கொண்டிருந்தது. வகுப்பில் வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று பாடம் நடத்திவிட்டு வந்து, என் வாசலில் நிற்கும் வண்டியின் வெப்பம் எங்கே போகாமல் நிற்கிறது என்று தெரியாமல் விழிப்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

இறங்கும்போது வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஏறுவதுதான் பாடு. நிறுத்தி நிறுத்தி ஆறவிட்டு ஏறவேண்டியிருந்ததால், இருட்டுவதற்குள் மேலே வர ஆலங்காயத்தில் முன்கூட்டியே கிளம்பவேண்டி வந்தது. முதலில் சாயங்காலக் காபிக்கு நிற்காமல் கிளம்பினோம். பிறகு சாப்பிட்ட கையோடு. வழியில் ஓடைகளும் வற்றிக்கொண்டு வந்ததால் தண்ணீரையும் கையோடு எடுத்துப் போனோம். மாமனார் மில்லுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, பின்கட்டுக் கிணற்றில் இறைத்து இரண்டு டின்களில் நிரப்பி, டிக்கியில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடுவாள் மனைவி. அவளுடைய அம்மா கேட்டதற்கு, சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்று சொல்லி வைத்தாள்.

பொங்கலுக்குப் போனோம். பொங்கல் அன்றைக்கும் சாப்பிட்டதும் எழுந்துகொண்டேன். மாமனார் வாசலில் நின்று வண்டியின் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் தெரிந்தார். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வாசலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். ஆலங்காயம் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமனார் இறங்கி வருவது தெரிந்தது. கையில் ஒரு துணிப்பை. முன்னால் தகவல் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து எங்களைக் குடிவைக்க வந்ததோடு சரி, அதன்பிறகு அவர் மலைக்கே வந்ததில்லை.

வாங்க மாமா என்றதற்குத் தலையசைத்தார். உட்காரவில்லை. மகள் கொண்டுவந்த மோரைக் குடித்தார். பிறகு நேரே வீட்டின் பின்பக்கம் போனார். அங்கே எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. குனிந்து பார்த்தார். வாளியை விட்டு ஒரு வாளி இறைத்தார். கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார். குளியலறைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். சமையலறையில் போய்க் குடத்தின் மூடியை எடுத்துப் பார்த்தார். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனோம்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி கல்கண்டு மாதிரி இருக்குது. கிணறும் ரொம்பிக் கெடக்குது" என்றார். என்னைப் பார்த்து, "அப்புறம் இன்னாத்துக்கு மாப்ளே எங்கூட்டு தண்ணிய டின்னு டின்னா மறைச்சு எடுத்துக்கினு வர்றீங்க?" என்று கேட்டார்.

அவரே சொன்னார். பொங்கலன்று டிக்கியில் துணி விலகி டின்னைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம். மகள் மலையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கஷ்டப்படுகிறாள், அதை வெளியே சொல்ல மாப்பிள்ளை கூச்சப்படுகிறார் என்று நினைத்திருக்கிறார். இல்லாவிட்டால் வேறு ஏதோ மனஸ்தாபம், அவர் வீட்டில் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் வந்ததும் வராததுமாகக் கிளம்புகிறேன் என்று அவர் மனைவி அழுதிருக்கிறார். பொங்கலன்று தான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமா என்று அவர் யோசித்து யோசித்துப் பார்த்தாராம். ஒன்றும் பிடிபடாமல்தான் பஸ் ஏறியிருக்கிறார்.

மனைவிதான் உடைத்தாள். "நைனா, தண்ணி எங்களுக்கு இல்ல. வண்டிக்கு" என்றாள். கார்த்திகையிலிருந்து நடந்தது எல்லாவற்றையும், மெக்கானிக் சொன்ன கேஸ்கெட் வரைக்கும், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறி எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வர.

"இவ்ளோதானா" என்றார். "வண்டிதானா. நான் இன்னான்னவோ நெனச்சிட்டேன் மாப்ளே."

எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. வண்டி இன்னும் சரியாகவில்லைதான். ஆனால் மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டை அவர் நிதானமாகச் சாப்பிட்டார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுக்கச் சொன்னார். எங்கே கொதிக்கிறது என்று தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். மூவரும் கிளம்பினோம். காவலூரைத் தாண்டி, வளைவுகளில் பாதி இறங்கி, அங்கே வண்டியைத் திருப்பி ஏறினோம். மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி தூரம்வரை முள் மரியாதையாக இருந்தது. பிறகு மெல்ல எழுந்தது. அவர் காலைத் தரையில் அழுத்திக்கொண்டார், ஏதோ பிரேக் அவரிடம் இருப்பதுபோல. எப்படியோ ஏற்றத்தின் தலைக்கு வந்துவிட்டோம். ரோடு சமமாகும் இடத்தில் ஒரு சின்ன மலைக்கிராமம் இருந்தது. புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். முன்னால் ஆவி புஸ்ஸென்று வந்தது.

எஞ்சினை உடனே அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டேன். ஃபேன் சுற்றினால் கொஞ்சம் ஆறும் என்பது என் கணக்கு. மாமனார் இறங்கி, டின்னிலிருந்து தண்ணீர் எடுத்து முகம் கழுவினார். துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தைத் துடைத்தார். பிறகு வண்டிக்கு முன்னால் போய், ஈரத்துண்டை விரித்து அந்த வெள்ளிக் கம்பிகளின்மேல் வைத்துக் கையை எடுத்தார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

எடுத்து உதறி மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. அவர் குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்ன மாமா என்று கேட்டேன்.

"மில்லுல இருக்கும்போது துண்டு நனைஞ்சா இப்படித்தான் காய வைப்பேன்" என்றார். "எஞ்சின் ஓடினாப் போதும், கப்புனு ஒட்டிக்கும். பிச்சுத்தான் எடுக்கணும். இப்போ இன்னா, இழுக்கவே மாட்டேங்குது?"

அந்தத் தருணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் துண்டை வாங்கிக் கம்பிகளின் இடதுபக்கம் வைத்தேன். விழுந்தது. வலதுபக்கம் மேல்மூலையில் மட்டும் லேசாக ஒட்டிப் பார்த்து, பிறகு விழுந்தது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து காற்றை இழுத்து, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் புகுத்தித் தண்ணீரை ஆற்றுவதுதான் அதன் வேலை. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் காற்று வரவில்லை. இத்தனை நாளும் நாங்கள் எல்லாரும் தண்ணீர் போகும் வழியையே தேடிக்கொண்டிருந்தோம். காற்று போகும் வழியை யாரும் பார்க்கவில்லை.

மனைவியும் இறங்கி வந்து குனிந்து கம்பிகளுக்கு நடுவே பார்த்தாள். இடைவெளி குறுகல். உள்ளே இருட்டு. விரலை நுழைத்து எதையோ பிடித்து இழுத்தாள். நீளமான ஒரு வைக்கோல் துண்டு வந்தது. இன்னொன்று. அதோடு சேர்ந்து தூசும் உமியும் பிசினாக ஒட்டிக்கொண்டு.

அவள் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்கள் எதிரே, கிராமத்தின் முன்னால், ரோட்டின் பாதி அகலத்துக்கு அறுத்த சாமைத் தாளைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மிதித்துக் கதிரிலிருந்து மணி உதிரட்டும் என்று. கார்த்திகையிலிருந்து தை வரை மலையெங்கும் ரோடுதான் களம். ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் அதன்மேல் ஏற்றித்தான் வந்துகொண்டிருந்தோம். சக்கரத்தில் மிதிபட்டு உமி பொன்னாகப் பறப்பதை மனைவி ஆசையாகப் பார்த்துக்கொண்டு வருவாள். பஸ்ஸும் லாரியும் முன்னால் போனால் அந்தத் தூசுக்குள் புகுந்துதான் போவோம்.

"சல்லடை அடைச்சிக்கிச்சுங்க" என்றாள் என்னிடம். "மாவு எறங்காத சல்லடை மாதிரி."

எஞ்சினை அணைத்தேன். ஆறுவதற்குள் டிக்கியிலிருந்து திருப்புளியை எடுத்து, முன்கம்பிச் சட்டத்தின் திருகுகளைக் கழற்றினேன். ஒன்று துருப்பிடித்து அசைய மறுத்தது. மாமனார் அதன்மேல் எண்ணெய்க் கோலிலிருந்து சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்து திருகினார். சட்டம் கையோடு வந்தது. மூவரும் குனிந்து உள்ளே பார்த்தோம். ரேடியேட்டரின் தகடுகளே தெரியவில்லை. பாய் முடைந்ததுபோல் வைக்கோலும் உமியும் புல்விதையும் செத்த தட்டானும் படிந்து, அதன்மேல் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் மெழுகியிருந்தன. எஞ்சின் பக்கமிருந்து பார்த்த எல்லாருக்கும் அது சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. அடைப்பு முழுவதும் முன்பக்கத்தில். சமதரையில் எஞ்சினுக்குச் சுமை குறைவு, புகுந்த கொஞ்சக் காற்றே போதுமாக இருந்திருக்கிறது; ஏற்றத்தில் அது போதவில்லை.

சாமை பரப்பியிருந்த வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவரிடம் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கினோம். குச்சிகளை உருவி மாமனார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தகடுகளுக்கு நடுவே மெதுவாகச் சீவினோம். அழுத்தினால் தகடு மடங்கிவிடும். மனைவி ஃபேனுக்குப் பின்னாலிருந்து சொம்பில் தண்ணீரை வீசி வீசி அடித்தாள். உள்ளே போன வழியாகவே குப்பை வெளியே வரட்டும் என்று. கலங்கல் தண்ணீர் முன்னால் வழிந்து எங்கள் வேட்டியை நனைத்தது. கட்டிகட்டியாக விழுந்தது. வீட்டுக்காரர் கீழே விழுந்த ஒரு கட்டியை எடுத்து விரலால் பிரித்தார். உள்ளே சில சாமை மணிகள் இருந்தன.

"எங்க சாமை கொஞ்சம் உங்க வண்டிக்குள்ளாற போய்டுச்சே" என்றார் சிரித்துக்கொண்டு.

அவரும் எங்களோடு குந்தி உட்கார்ந்து சீவினார். வெயில் உச்சிக்கு வரும்போது, தகடுகளின் வழியாக எதிர்ப்பக்கத்து வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஊசித்துளை போட்ட துணியைச் சூரியனுக்கு நேரே பிடித்ததுபோல இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வண்டியை விற்க வேண்டாம். அது கெட்டுப்போன வண்டியே இல்லை.

தண்ணீர் ஊற்றி, சட்டத்தைத் திருகாமலே வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். மாமனார் சட்டத்தை விலக்கி, இந்த முறை துண்டை வைக்கவில்லை. தன் உள்ளங்கையை மட்டும் ரேடியேட்டரின் முன்னால் பிடித்தார். முன்கை மயிர் காற்றில் உள்பக்கம் சாய்ந்தது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். இழுத்தது.

சட்டத்தைத் திருகிவிட்டு, மறுபடி பாதி வளைவு இறங்கி, திருப்பி ஏறினோம். மனைவி பின் சீட்டிலிருந்து எங்கள் இருவர் தோள்களுக்கும் நடுவே தலையை நீட்டி முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வழக்கமாக எழும் இடத்தில் முள் கொஞ்சம் எழுந்தது. அங்கேயே நின்றது. அடுத்த வளைவிலும் அங்கேயே. செங்குத்தான கடைசி ஏற்றத்தை இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறி, சமதரைக்கு வந்தபோதும் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நூலளவுதான். மாமனார் அதுவரை ஊன்றியிருந்த காலைத் தளர்த்தி, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மனைவி பின்னால் சாய்ந்து பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கிராமத்தைத் தாண்டும்போது அந்த வீட்டுக்காரர் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினார். சாமையின் மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்து, ஏற்றியே போனேன். அவருக்கும் வேலை ஆகவேண்டுமே.

மாமனார் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினார். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் வண்டியின் கம்பிச் சட்டத்தைத் தேய்த்துத் துடைத்திருக்கிறார். அந்தத் துருப்பிடித்த திருகை மட்டும் சந்தையில் புதிதாக வாங்கி மாற்றியிருக்கிறார். ஊருக்கு அவரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது வழியில், பஸ்ஸில் வரும்போது தனக்கும் தலை சுற்றியதாகவும், வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்ததாகவும் சொன்னார். மகளுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன்பிறகு சாமை அறுவடை முடியும்வரை வாரம் ஒருமுறை முன்சட்டத்தைக் கழற்றி, பின்னாலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வாணியம்பாடி மெக்கானிக்கிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். கீழே ஓடுகிற வண்டியில் இப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ஹெட்டைக் கழற்றாமல் போனதில் அவருக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயம் போனோம். சாப்பிட்டபின் மாமியார் வழக்கம்போல எங்கள் பையை எடுத்து வாசலில் வைத்தார், கிளம்புவோம் என்று நினைத்து. மனைவி அதை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பாயை விரித்தாள். மாமனாரும் நானும் மில்லின் புதிய மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். காபி வந்தது. பிறகு வேர்க்கடலை வந்தது. வெளியே தெருவிளக்கு எரிந்ததை யாரும் கவனிக்கவில்லை. உள்ளே மாமியார் இன்னும் இரண்டு பேருக்காக உலையில் அரிசி போடும் சத்தம் கேட்டது.